கோவை தனியார் மருத்துவமனையில் அம்மாவுக்கு இடுப்பு அறுவை சிகிச்சை: துறை துறையாக என் மதிப்பீடு

ஒரு மருத்துவமனை எப்படி என்று யாராவது கேட்டால், "டாக்டர் நல்லவர், ரூம் சுத்தம், பில்தான் அதிகம்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். அம்மாவோடு ஒரு வாரத்துக்கு மேல் உள்ளேயே இருந்து பார்த்த பிறகு எனக்கு அது போதவில்லை. எலும்பு டாக்டரை நாங்கள் பார்த்தது ஒரு நாளைக்குச் சில நிமிஷங்கள்தான். மற்ற நேரமெல்லாம் அம்மா வேறு வேறு துறைகளின் கையில் இருந்தார். ஒரு துறை தன் வேலையை முடித்து அடுத்த துறையிடம் நோயாளியை ஒப்படைக்கிறதே, அந்த இடத்தை வைத்துத்தான் ஒரு மருத்துவமனையை மதிப்பிட வேண்டும் என்பது என் கட்சி.

நான் உடுமலைப்பேட்டைப் பக்கம் ஒரு நூற்பாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். ப்ளோரூமில் பஞ்சைச் சரியாகச் சுத்தம் செய்யாமல் அனுப்பினால் அங்கே எதுவும் தெரியாது. கார்டிங்கையும் தாண்டி, ஸ்பின்னிங்கில் நூல் அறுந்து அறுந்து விழும்போதுதான் தெரியும். அதனால் ஒருவர் அடுத்தவரிடம் என்ன சொல்லி ஒப்படைக்கிறார் என்று கவனிப்பது எனக்குப் பழக்கம். மருத்துவமனையின் பெயரை எழுதவில்லை. நல்லதும் குறையும் கலந்து சொல்லப் போகிறேன். எந்த ஊரில் எந்த மருத்துவமனைக்குப் போகிறவருக்கும் இது பயன்பட்டால் போதும்.

அம்மாவுக்கு 74 வயது. சர்க்கரை, ரத்தக்கொதிப்பு இரண்டும் உண்டு. துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் வழுக்கி விழுந்தார். வலது கால் கட்டையாகி வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தது. 108 வந்து பக்கத்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனது. அங்கே காலை அசையாமல் கட்டி, வலிக்கு ஊசி போட்டு, என்ன மருந்து எத்தனை மணிக்குக் கொடுத்தார்கள் என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். அந்த ஒரு சீட்டு கோவையில் எவ்வளவு உதவியது என்று சொல்லி முடியாது. அவசரப் பிரிவு டாக்டர் அதைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த ஊசியின் அளவை முடிவு செய்தார்.

அவசரப் பிரிவுக்கு என் முழு மதிப்பெண். நாடித்துடிப்பு, ரத்தக்கொதிப்பு, ஆக்சிஜன், சர்க்கரை எல்லாம் பார்த்து முடித்ததும் எக்ஸ்ரேவுக்குத் தள்ளிக்கொண்டு போவார்கள் என்று நினைத்தேன். அந்த டாக்டர் போகவிடவில்லை. மயக்க மருந்துத் துறையிலிருந்து ஒருவரை வரச்சொன்னார். அவர் அல்ட்ராசவுண்டு கருவியை இடுப்புக்கு முன்பக்கம் வைத்துப் பார்த்து, நரம்புக்குப் பக்கத்தில் ஒரு ஊசி போட்டார். கொஞ்ச நேரத்தில் அம்மாவின் முகம் தளர்ந்தது. அதற்கப்புறம்தான் எக்ஸ்ரே. முறிந்த இடுப்போடு ஒரு ஸ்ட்ரெச்சரிலிருந்து இன்னொரு மேஜைக்கு மாறுவது எப்படிப்பட்ட வேதனை என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். எக்ஸ்ரே அறையில் படமெடுக்கும் தம்பி தனியாகத் தூக்க முயலவில்லை. நாலு பேர் வரும்வரை காத்திருந்து, துணியோடு சேர்த்துப் பலகை மேல் நழுவவிட்டு மாற்றினார். இடுப்பு முழுவதும் தெரியும்படி ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. ரொம்பச் சுருக்கமான வேலைதான். ஆனால் முதல் முறையே படம் சரியாக விழுந்ததால் மறுபடி அசைக்க வேண்டியிருக்கவில்லை.

தொடை எலும்பின் மேல்முனைக்குச் சற்றுக் கீழே முறிவு. உள்ளே கம்பி வைத்து இறுக்க வேண்டும் என்றார் எலும்பு டாக்டர். நானும் என் தம்பியும் கேட்ட முதல் கேள்வி, வயதானவருக்கு ஆபரேஷன் தேவையா, கட்டுப் போட்டுப் படுக்கவைத்தால் சேராதா என்பதுதான். எங்கள் ஊரில் இப்படிப் படுத்தவர்கள் உண்டு. அவர் பொறுமையாகச் சொன்னார்: எலும்பு சேரலாம், ஆனால் மாதக்கணக்கில் படுக்கையில் இருந்தால் நுரையீரலில் சளி கட்டும், காலில் ரத்தம் உறையும், முதுகில் புண் வரும், இந்த முறிவில் வயதானவர்களின் உயிரை எடுப்பது பெரும்பாலும் அவைதான். முடிந்தால் 48 மணி நேரத்துக்குள் ஆபரேஷனை முடித்து, மறுநாளே உட்காரவைக்க வேண்டும் என்பது அவர்களின் கணக்கு.

அம்மாவின் உடம்பு ஆபரேஷனைத் தாங்குமா என்று பார்த்துச் சொல்ல, இங்கேதான் பொது மருத்துவர், இதய டாக்டர், மயக்க மருந்து டாக்டர் மூவரும் வந்தார்கள். பல இடங்களில் இந்த மூவருக்காகக் காத்திருந்தே இரண்டு மூன்று நாள் போய்விடுகிறது. "ஃபிட்னஸ் வரலை" என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள். இங்கே எலும்புத் துறைக்கு ஒரு ஒருங்கிணைப்பாளர் அக்கா இருந்தார். ஃபைலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொருவரையும் அவரே துரத்திப் பிடித்தார். அன்று மாலைக்குள் இதயத்தைப் பார்க்கும் எக்கோ ஸ்கேன் எடுத்தாகிவிட்டது. ரத்தத்தில் சோடியம் குறைந்திருப்பதைப் பொது மருத்துவர் பார்த்து, மெதுவாக ஏற்ற வழி செய்தார்.

மயக்க மருந்து டாக்டரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஊசி போட்டு மயக்கிவிட்டுப் போகிறவர் என்றுதான் நம்மில் பலர் அவரைப் பற்றி நினைக்கிறோம். ஆபரேஷன் நடக்கும்போது மூச்சு, இதயம், ரத்தக்கொதிப்பு எல்லாவற்றுக்கும் பொறுப்பு அவர்தான். முந்தைய நாள் இரவு வந்து அம்மாவின் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். ஆடுகிற பல் இருக்கிறதா, முன்பு ஆபரேஷன் நடந்திருக்கிறதா, எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாமல் போனதா, வீட்டில் சாப்பிடும் மாத்திரைகள் எவை என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் மாத்திரை அட்டைகளையே காட்டினேன். காலையில் கொதிப்பு மாத்திரை வேண்டாம், சர்க்கரை மாத்திரை வேண்டாம் என்று எழுதினார். சாப்பாடு ஆறு மணி நேரத்துக்கு முன்பு வரை, வெறும் தண்ணீர் இரண்டு மணி நேரத்துக்கு முன்பு வரை. முந்தின இரவிலிருந்தே சொட்டுத் தண்ணீர் கூடாது என்று வயதானவர்களை வாட்டும் பழக்கம் இன்னும் பல இடங்களில் இருக்கிறது. இவர் விடிகாலையில் தண்ணீர் கொடுக்கச் சொல்லி நர்ஸிடம் நேரத்தைக் குறித்துக் கொடுத்தார். நர்ஸும் அந்த நேரத்துக்குச் சரியாக எழுப்பிக் கொடுத்தார்.

ரத்த வங்கிக்கும் வார்டுக்கும் நடுவில் நடந்ததை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். அம்மாவின் ஹீமோகுளோபின் ஆபரேஷனுக்கு அப்புறம் இறங்கிவிட்டதால் ஒரு பை ஏற்ற வேண்டியிருந்தது. முன்பே பொருத்தம் பார்த்து எடுத்து வைத்திருந்தார்கள். பை வந்ததும் இரண்டு நர்ஸ்கள் சேர்ந்து நின்று, ஒருவர் பையின் எண்ணையும் ரத்த வகையையும் சத்தமாகப் படிக்க, இன்னொருவர் அம்மாவின் கைப்பட்டையையும் ஃபைலையும் பார்த்துச் சரி என்றார். முதல் கால் மணி நேரம் ஒருவர் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. ஒத்துக்கொள்ளாத ரத்தம் என்றால் பெரும்பாலும் ஆரம்பத்திலேயே குளிர், நடுக்கம், முதுகுவலி என்று தெரிந்துவிடும் என்றார். ரத்த வங்கியில் 2 முதல் 6 டிகிரி குளிரில் இருக்கும் பை, வெளியே வந்த பிறகு நாலு மணி நேரத்துக்குள் ஏறி முடிந்துவிட வேண்டும். அதனால் போன் செய்து, இங்கே எல்லாம் தயார் என்று சொன்ன பிறகுதான் அனுப்பினார்கள். எங்கள் மில்லிலிருந்து இரண்டு பையன்கள் வந்து ரத்தம் கொடுத்துவிட்டுப் போனார்கள். அவர்களுக்கு நன்றி.

ஆபரேஷன் தியேட்டருக்குள் நாம் போக முடியாது. வாசல்வரை நான் பார்த்தது இது: வலது தொடையில் பேனாவால் அம்புக்குறி போட்டிருந்தார்கள். தியேட்டர் நர்ஸ் என்னிடம் கேட்காமல் அம்மாவிடமே, "உங்க பேர் என்ன பாட்டி, எந்தக் காலு?" என்று கேட்டு உறுதி செய்துகொண்டார். உலக சுகாதார நிறுவனம் 2008இல் கொண்டுவந்த அறுவை சிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியலில் மூன்று கட்டம் உண்டு. மயக்கம் கொடுக்கும் முன் ஒரு முறை, கத்தி வைக்கும் முன் ஒரு முறை, நோயாளியை வெளியே கொண்டுவரும் முன் ஒரு முறை எல்லாரும் நின்று சரிபார்க்க வேண்டும். அந்தத் தாள் கையெழுத்தோடு எங்கள் ஃபைலில் இருந்தது. உள்ளே வைத்த கம்பியின் உறையிலிருந்த ஸ்டிக்கரையும் ஒட்டியிருந்தார்கள். கம்பெனி, அளவு, தயாரிப்புத் தொகுதி எண் எல்லாம் அதில் இருக்கிறது. நீங்களும் கேட்டு ஒரு நகல் வாங்கிக்கொள்ளுங்கள். பின்னால் அந்தக் கம்பியை எடுக்க வேண்டி வந்தால் எந்த டாக்டருக்கும் அது தேவைப்படும்.

கருவிகளைக் கிருமி நீக்கும் பிரிவு அடித்தளத்தில் இருக்கிறது. நோயாளிகள் யாரும் அதைப் பார்ப்பதே இல்லை. கருவிப் பொட்டலத்தின் மேல் ஒட்டும் பட்டையில் வெளிறிய கோடுகள் இருக்கும், நீராவியின் சூட்டில் அவை கறுத்துவிடும். கறுக்காத பொட்டலத்தைத் தியேட்டரில் பிரிக்கவே கூடாது என்று ஒரு டெக்னீஷியன் எனக்கு விளக்கினார். அம்மாவின் தையல் சீழ் பிடிக்காமல் ஆறியதற்கு முகம் தெரியாத அந்தப் பிரிவுக்கும் நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

இனி நர்ஸிங். என் மதிப்பீட்டில் முதலிடம் இவர்களுக்குத்தான். ஷிப்ட் மாறும்போது மேஜையில் உட்கார்ந்து நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகவில்லை. போகிறவரும் வருகிறவரும் அம்மாவின் கட்டிலுக்கே வந்து, தையல், ஊசி போட்ட இடம், சிறுநீர் அளவு, கடைசியாக வலி மருந்து கொடுத்த நேரம் எல்லாவற்றையும் நேரில் காட்டி ஒப்படைத்தார்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்கவைத்தார்கள். குதிகால் மெத்தையில் படாமல் கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்தார்கள்.

ஆபரேஷன் முடிந்த இரண்டாம் இரவு அம்மா மாறிப்போனார். "எருமைக்குத் தண்ணி காட்டலை, என்னை விடுங்க" என்று எழப் பார்த்தார். இறந்துபோன மாமாவைக் கூப்பிட்டார். ஊசிக் குழாயைப் பிடுங்கினார். என்னைப் பார்த்து யார் நீ என்று கேட்டார். எனக்குக் கைகால் ஓடவில்லை. ஆபரேஷனில் மூளைக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து அழுதேன். இரவுப் பணியில் இருந்த நர்ஸுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. "அக்கா, இது டெலிரியம், கொஞ்ச நாளைக்கு வர்ற மனக்குழப்பம். இடுப்பு ஆபரேஷனுக்கு அப்புறம் வயசானவங்களுக்கு அடிக்கடி வரும், சரியாயிடும். நீங்க கையைப் பிடிச்சுக்கிட்டு பக்கத்துலயே இருங்க" என்றார். கையைக் கட்டவில்லை. தூங்கவைக்கும் ஊசிக்கும் அவசரப்படவில்லை. பையில் கிடந்த மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டினார். சின்ன விளக்கைப் போட்டார். "ஆத்தா, இது கோயம்புத்தூர் ஆஸ்பத்திரி, கால்ல ஆபரேஷன் ஆயிருக்கு, இது உங்க பொண்ணு" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அப்புறம் டியூட்டி டாக்டரைக் கூப்பிட்டு, சோடியம், சர்க்கரை, ஆக்சிஜன் பார்க்கவைத்தார். வலி இருக்கிறதா என்று பார்த்தார்கள். அப்போது வார்டு ஆயாம்மா ஒரு விஷயம் சொன்னார்: அம்மா வந்ததிலிருந்து வெளிக்கே போகவில்லை, இரண்டு வேளையாகத் தண்ணீரும் சரியாகக் குடிக்கவில்லை. மலச்சிக்கலும் நீர் வற்றுவதும்கூட இந்தக் குழப்பத்தைக் கிளப்பிவிடும் என்று டாக்டர் சொல்லி, அதற்கு மருந்து எழுதினார். சிறுநீர்க் குழாயையும் மறுநாள் காலையே எடுத்துவிட்டார்கள்.

இரண்டு நாளில் அம்மா தெளிந்துவிட்டார். "ராத்திரி ஒரு கண்ணு வந்து பேசிட்டே இருந்துச்சு, அது எங்கே?" என்று அந்த நர்ஸைத் தேடினார். ஆயாம்மா சொன்னதை யாரும் அலட்சியம் செய்யவில்லை என்பதுதான் என் மனதில் ஆழமாகப் பதிந்தது. அவர் பார்த்தது நர்ஸுக்குப் போனது, நர்ஸிடமிருந்து டாக்டருக்குப் போனது, டாக்டர் அதை வைத்து மருந்து எழுதினார். இந்தச் சங்கிலி அறுபடாத வார்டில் உங்கள் அம்மாவையோ அப்பாவையோ தைரியமாகச் சேர்க்கலாம்.

பிசியோதெரபி பெண் ஆபரேஷனுக்கு மறுநாளே வந்து கட்டில் ஓரத்தில் உட்காரவைத்தார். அப்புறம் வாக்கரைப் பிடித்து நிற்கவைத்தார். பாதத்தை மேலும் கீழும் அசைப்பது, மூன்று பந்து உள்ள கருவியில் மூச்சை இழுத்துப் பந்தை ஏற்றுவது என்று வீட்டுப்பாடம் கொடுத்தார். அம்மா முரண்டு பிடித்தபோது அதட்டவில்லை. "நீங்க நடந்தாத்தான் நான் சாப்பிடப் போவேன் பாட்டி" என்று பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். அவர் என்னிடம் கேட்ட கேள்விகள்தான் எனக்கு ரொம்பப் பிடித்தவை. வீட்டு வாசலில் எத்தனை படி, கைப்பிடி உண்டா, கழிவறை எந்த மாதிரி, கட்டில் எவ்வளவு உயரம், ராத்திரி விளக்கு எங்கே? எங்கள் வீட்டில் கீழே உட்காரும் கழிவறைதான் என்றதும், அம்மா வீட்டுக்கு வருவதற்கு முன்பே நடுவில் ஓட்டை உள்ள கழிவறை நாற்காலி வாங்கிவைக்கச் சொன்னார். தம்பி அன்றே வாங்கினான்.

உணவுப் பிரிவு சுமார். முதல் இரண்டு நாள் சர்க்கரை நோயாளி என்று அச்சடித்த பட்டியல்படி சப்பாத்தி வந்தது. அம்மா தொடவில்லை. உணவு நிபுணர் நேரில் வந்து கேட்ட பிறகுதான் ராகிக்களியும் பாசிப்பயறு கடைசலும் முட்டை வெள்ளைக்கருவும் வந்தன. புண் ஆறவும் தசை தேறவும் புரதம் வேண்டும் என்று சொல்கிறவர்கள், முதல் நாளே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

துப்புரவுப் பணியாளர்கள் நன்றாக வேலை செய்தார்கள். ரத்தம் பட்ட பஞ்சு மஞ்சள் பைக்கு, பிளாஸ்டிக் குழாய் சிவப்புக்கு, ஊசி துளைக்க முடியாத வெள்ளை டப்பாவுக்கு, கண்ணாடிக் குப்பி நீலத்துக்கு என்று 2016ஆம் ஆண்டு விதி சொல்கிறது. பயிற்சிக்கு வந்த ஒரு இளைஞர் மாற்றிப் போட்டதை, அங்கே பெருக்குகிற அம்மா நிறுத்திச் சொல்லித் திருத்தவைத்தார்.

இப்போது குறைகள். இரண்டுமே கடைசி ஒப்படைப்பில், அதாவது மருத்துவமனை எங்களிடம் அம்மாவை ஒப்படைத்த நாளில் நடந்தவை.

காலையில் டாக்டர் வீட்டுக்குப் போகலாம் என்றார். வெளியே வந்தபோது இருட்டிவிட்டது. வார்டு ஃபைலை பில்லிங்குக்கு அனுப்பிவிட்டதாகச் சொன்னது, பில்லிங் மருந்தகக் கணக்கு வரவில்லை என்றது, மருந்தகம் வார்டிலிருந்து திரும்பவேண்டிய மருந்து வரவில்லை என்றது. காப்பீட்டு மேஜையில் கேட்டால் கம்பெனியின் ஒப்புதலுக்குக் காத்திருக்கிறோம் என்றார்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024 மே மாதச் சுற்றறிக்கையில், மருத்துவமனை கேட்டதிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் கம்பெனி இறுதி ஒப்புதல் தரவேண்டும் என்றும், தாமதத்தால் மருத்துவமனை கூடுதல் தொகை கேட்டால் அதைக் கம்பெனியே ஏற்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறது. ஆனால் அந்த மூன்று மணி நேரம், மருத்துவமனை விண்ணப்பம் அனுப்பிய பிறகுதான் தொடங்கும். எங்கள் விண்ணப்பமே பிற்பகலில்தான் போயிருக்கிறது. ஆபரேஷன் முடிந்த 74 வயதுக்காரரைக் கட்டிலிலிருந்து இறக்கி நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு இப்படி அலைக்கழிப்பது நியாயமே இல்லை. டிஸ்சார்ஜ் என்று சொல்லும் முன் இரவே கணக்கை முடித்து வைக்க முடியும்.

இரண்டாவது குறை அதைவிடப் பெரியது. அம்மா வீட்டில் சாப்பிடும் கொதிப்பு மாத்திரை டெல்மிசார்டான். டிஸ்சார்ஜ் சீட்டில் "பழைய மாத்திரைகளைத் தொடரவும்" என்று ஒரு வரி, அதற்குக் கீழே புதிய மாத்திரைகளின் பட்டியலில் வேறொரு கம்பெனிப் பெயரில் அதே டெல்மிசார்டான். மருந்தகக் கவுண்டரில் எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். அட்டையின் பின்னால் பொடி எழுத்தில் இருந்ததைப் படித்துப் பார்த்தபோதுதான் இரண்டும் ஒன்று என்று தெரிந்தது. இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டிருந்தால் கொதிப்பு இறங்கி, தலைசுற்றி, அம்மா மறுபடி விழுந்திருப்பார். வார்டுக்குப் போன் செய்ததும் மன்னிப்புக் கேட்டு, திருத்திய சீட்டை அனுப்பினார்கள். மயக்க மருந்து டாக்டர் கேட்டதுபோல, மாத்திரை அட்டைகளை வைத்துக்கொண்டு ஒரே ஒரு மருந்தாளுநர் ஐந்து நிமிஷம் எங்களோடு உட்கார்ந்திருந்தால் இது நடந்திருக்காது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நின்ற உயரத்திலிருந்து விழுந்ததற்கே இடுப்பு முறிகிறது என்றால் எலும்பு ஏற்கெனவே மெலிந்திருக்கிறது என்று அர்த்தம். அடுத்த இடுப்பும் அதே நிலையில்தான் இருக்கும். எலும்புத் துறை முறிந்ததைச் சேர்த்தது, பொது மருத்துவம் சர்க்கரையைப் பார்த்தது, பிசியோதெரபி நடக்கவைத்தது. எலும்பு மெலிவுக்கான சிகிச்சை மட்டும் யார் பொறுப்பிலும் வரவில்லை. சீட்டில் கால்சியம் மாத்திரை மட்டும் இருந்தது. நான் கேட்ட பிறகு, எலும்பு அடர்த்தி பார்க்கும் டெக்சா பரிசோதனையும் வைட்டமின் டி பரிசோதனையும் எழுதிக் கொடுத்தார்கள். முடிவைப் பார்த்து எலும்பை வலுப்படுத்தும் மருந்து தொடங்குவதாகச் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் வீட்டுப் பெரியவருக்கு இதே முறிவு என்றால், தையல் பிரிக்கப் போகும் அன்றாவது இதைக் கேளுங்கள்.

செலவு எல்லாம் சேர்த்து இரண்டு லட்சத்தைத் தாண்டியது. காப்பீடு பெரும்பகுதியைக் கொடுத்தது. வரும்போது எக்ஸ்ரே சி.டி., ஆபரேஷன் குறிப்பு, ரத்தப் பரிசோதனைத் தாள்கள் எல்லாவற்றின் நகலையும் மருத்துவப் பதிவேட்டுப் பிரிவில் எழுதிக்கொடுத்துக் கேட்டேன். கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு ஒழுங்குமுறையிலேயே இருக்கிறது; இங்கே மறுநாளே தந்துவிட்டார்கள். ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். டிஸ்சார்ஜ் அன்று மருந்தாளுநர் ஒருவரை வார்டுக்கு அனுப்பத் தொடங்கினால் மீதி ஒன்றையும் சந்தோஷமாகச் சேர்த்துக் கொடுப்பேன்.